அப்பாகிட்டச் சொல்லிருங்க
வாரம் பதினொன்று

பாலக்காட்டுப் பக்கம் வேலந்தாவளம் முக்கில் அந்த பேனர் ஏறிய நாளிலிருந்து கமலாத்தாள் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

போகாவிட்டால் என்ன, மூத்தவன் கோபிநாத் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து காட்டிவிட்டானே. பஞ்சாயத்து கொடுத்த தண்ணீர்ப் படுக்கையில் குப்பண்ணன் கிடக்கிறார். மேலுக்குச் சட்டை இல்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. தோளில் நர்ஸ் ஜின்சியின் கை. தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்து: 'கடைசி வரை கூட நிற்கும் அரசு.' கீழே கோபிநாத் கட்சியின் வார்டு வேட்பாளர் கும்பிட்டபடி சிரிக்கிறார்.

வெள்ளைச் சட்டையும் தோளில் துண்டும் இல்லாமல் முக்குக் கடைக்குக்கூடப் போகாத மனுசர்.

"நல்லா இருக்குதுங்களாம்மா?" என்று கேட்டான் கோபிநாத்.

"உங்கப்பனுக்கு ஒரு சட்டை போட்டு உட்டிருக்கலாம், கண்ணு" என்றாள்.

அந்த பேனரை இளையவன் பிரதீப் பார்த்துவிட்டான் என்பதோடு போன வாரம் நின்றோம். அவன் கோபாலபுரத்தில் தேங்காய் மண்டி வைத்திருப்பவன், தமையனின் கட்சிக்கு நேர் எதிர்க் கட்சி. பார்த்தவன் சும்மா இருப்பானா?

போன பஞ்சாயத்துத் தேர்தலில் வீட்டு வாசலிலேயே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட நாளோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோனது. ஆனால் தோப்பு ஒன்று, கிணறு ஒன்று, பெற்றவர்கள் ஒன்று. பேசாமல் எப்படி முடியும்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சொல்ல வேண்டியதை அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். "அப்பா, அவங்கிட்டச் சொல்லிருங்க." அவர் வசவையெல்லாம் வழியிலேயே உதிர்த்துவிட்டு, சேதியை மட்டும் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அஞ்சு வருசம் அந்த வீடு அப்படித்தான் ஓடியது.

ஆடி மாதம் குப்பண்ணனுக்கு வாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, நாக்கும் போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். கமலாத்தாள் தன் விரலை அந்தக் கையில் வைப்பாள். ஆமென்றால் ஒரு அழுத்து, இல்லையென்றால் சும்மா இருப்பார். புருசன் பெண்டாட்டிக்கு மிஞ்சிய பாஷை அவ்வளவுதான்.

மகன்களுக்கு மட்டும் பழைய பழக்கம் விடவில்லை. இன்னும் கட்டிலோரம் வந்து நின்று, பேச முடியாத மனுசரைப் பார்த்து, "அவங்கிட்டச் சொல்லிருங்க" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் நின்று கேட்டு, கொண்டுபோய்ச் சேர்ப்பது கமலாத்தாளின் வேலையாயிற்று. அவளுக்கு வசவை உதிர்க்கத் தெரியாது. அதனால் சண்டை இன்னும் கூடிப்போயிருந்தது.

அன்றைக்குப் பிரசாரத்தின் கடைசி நாள்.

விடிகாலையில் அவள் கட்டுத்தறியில் பால் கறந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குள் கோபிநாத்தின் குரல் கேட்டது. அப்பாவிடம் ஏதோ சொல்கிறான் என்று தெரிந்தது. என்னவென்று கேட்கவில்லை. மாடு வேறு காலை உதறிக்கொண்டிருந்தது.

பால் சொம்போடு உள்ளே வந்தபோது அவன் கட்சித் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி செல்வப்பிரியா பள்ளிக்கூட டீச்சர். தேர்தல் வேலைக்கான பயிற்சி வகுப்பு என்று அவள் முன்னாடியே கிளம்பிப் போயிருந்தாள்.

"அப்பாகிட்ட என்னமோ சொல்லிட்டிருந்தியே, என்ன கண்ணு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் வாசலில் பைக் வந்து நின்றது. பிரதீப்.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். அண்ணன் நின்ற பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. நேரே கட்டிலுக்குப் போய் அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தான்.

"அப்பா, உங்க பெரிய பையனைக் கேளுங்க. பெத்த அப்பனைச் சட்டையில்லாம முக்குல நிறுத்தி ஓட்டுக் கேக்கறானே, அவனுக்குக் கூச்சநாச்சம் இருக்குதான்னு கேளுங்க!"

கோபிநாத் கட்டிலின் இந்தப் பக்கம் குனிந்தான்.

"அப்பா, உங்க சின்னப் பையனுக்குச் சொல்லுங்க. நோவுல கிடக்கற மனுசனுக்கு ஊடு தேடி நர்ஸ் வருது, மருந்து வருது, படுக்கை வருது. இதைச் சொல்லாம வேற எதைச் சொல்லி ஓட்டுக் கேப்பாங்களாமா?"

"படுக்கையப் பத்தியே பேசலாமுங்கப்பா. எட்டு ஏக்கரா தோப்பு வெச்சிருக்கறோம். நமக்கெதுக்குப் பஞ்சாயத்துப் படுக்கை? கீழக்காட்டுல அந்த இந்துப் புள்ளையோட புருசன் மரத்துல இருந்து உழுந்து, இடுப்பு ஒடிஞ்சு கோணிச்சாக்கு மேல கிடக்கறான். கேட்டா ஸ்டாக் இல்லைங்கறாங்க. ஸ்டாக்கு இங்கல்ல இருக்குது, உங்க முதுகுக்கடியில!"

கோபிநாத்துக்கு அது சுருக்கென்று பட்டது. குரல் ஒரு படி இறங்கியது.

"அவனுக்கும் வருமுங்கப்பா, எழுதிக் கேட்டிருக்கறம். ஆனா நீ பணக்காரன் உனக்கில்லை, நீ ஏழை உனக்குத்தான்னு வடிகட்ட ஆரம்பிச்சா, நாளைக்கு ஒவ்வொரு ஏழையும் நான் ஏழைதான்னு வாசப்படி வாசப்படியா நின்னு சாட்சி சொல்லோணும். அல்லாருக்கும்னு இருந்தாத்தான் இல்லாதவனும் தலை குனியாம வாங்குவான். நோவுக்கு ஏக்கரா கணக்குத் தெரியுமுங்களா?"

"சர்க்கார் கஜானாவுக்குத் தெரியோணுமுங்கப்பா. கடனை வாங்கி அல்லாருக்கும் அள்ளி உட்டுப்போட்டு, சர்க்காருக்கு நெல்லுப் போட்டவன் காசுக்கு அலையறான். அல்லாத்தையும் சர்க்காரே பண்ணும்னு குந்தியிருந்தா, பெத்த புள்ளைக எதுக்குங்க? நான் பாக்க மாட்டனா உங்களை?"

"பாக்கறவன் இத்தனை நாளா கோபாலபுரத்துல இருந்து எத்தனை தடவை வந்தான்னு கேளுங்கப்பா."

"வந்தா மூஞ்சி குடுக்கற ஆளு இருக்குதான்னு கேளுங்கப்பா!"

குப்பண்ணனின் கண் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை போய்ப் போய் வந்தது. நடுவில் அந்தப் படுக்கை மட்டும் அவர் மூச்சுக்குத் தக்கபடி மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"போதுஞ்சாமி" என்றாள் கமலாத்தாள். "அவரு நோவுல கிடக்கறாரா, சட்டசபையில கிடக்கறாரா? பால் ஆறுது. ரெண்டு பேரும் குடிச்சுப்போட்டு மறுக்கா சண்டை போடுங்க."

ஒருவரும் குடிக்கவில்லை. கோபிநாத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான். படியில் ஒரு நிமிசம் நின்றான். திரும்பினான். தம்பி கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தான். அவனைத் தாண்டிக் கட்டிலைப் பார்த்து,

"அப்பா, நான் சொன்னதைச் சொல்லிருங்க" என்றான்.

போய்விட்டான். இதுவும் ஏதோ கட்சி வம்பு என்று கமலாத்தாள் நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் பிரதீப் வரச்சொல்லியிருந்த ஒரு பிக்கப் வண்டி வந்தது. அதில் புத்தம் புதுக் காற்றுப் படுக்கை. கோயமுத்தூரில் வாங்கியதாம். கூடவே சின்ன மோட்டார் ஒன்று. அதுவே காற்றை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்குமாம், முதுகில் ஒரே இடம் அழுந்தாதாம்.

"இதை இறக்கி வெச்சுப்போட்டு அதைக் கையோட இந்து ஊட்டுக்கு அனுப்பிரலாமுங்கம்மா."

"உங்கண்ணன் வரட்டுமே கண்ணு. ஒரு வார்த்தை..."

"அவங்கிட்டக் கேட்டா உடுவானுங்களா? அதுல அவங்கட்சி பேரல்ல எழுதி ஒட்டியிருக்குது."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்துவின் புருசன் இந்தத் தோப்பிலேயே மரமேறியவன். அவன் சாக்கில் கிடப்பதை நினைத்து, தன் புருசனைத் தண்ணீர்ப் படுக்கையில் புரட்டும்போதெல்லாம் கமலாத்தாளுக்குக் கை கூசியிருக்கிறது.

பிரதீப்பும் வண்டிக்காரனும் சேர்ந்து குப்பண்ணனை அலுங்காமல் தூக்கிக் கயிற்றுக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தண்ணீர்ப் படுக்கையின் மூடியைத் திறந்து குழாயைச் சன்னல் வழியாக வெளியே விட்டான் பிரதீப். தண்ணீர் முருங்கை மரத்தடியில் ஓடியது. படுக்கை கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, வெறும் தோலாகக் கிடந்தது.

புதுப் படுக்கையை விரித்து மோட்டாரின் வயரைப் பிளக்கில் சொருகியபோதுதான் குப்பண்ணன் சத்தம் போட ஆரம்பித்தார். "ஆ... ப்பூ... ஆ..." இடது கை எழுந்து சுவர்ப் பக்கம் நீண்டது. சுவிட்ச் போர்டுக்கு நேராக.

"பேன் போடோணுமுங்களாப்பா?" பிரதீப் பேனைப் போட்டான்.

கை இறங்கவில்லை. கமலாத்தாள் ஓடிப்போய் விரலைக் கொடுத்தாள்.

"பேன் வேணுங்களா?" அழுத்தவில்லை. "லைட்டுங்களா?" இல்லை. "தண்ணி தாகமுங்களா?" இல்லை. "பழைய படுக்கை போகுதுன்னு வெசனமுங்களா?"

அழுத்தவில்லை. விரலை உதறிவிட்டு மறுபடியும் சுவரைக் காட்டினார். கண்ணோரம் நீர் கட்டியிருந்தது.

"பெரிய பையன் படுக்கை, அதான் அப்பாவுக்கு வெசனம்" என்றான் பிரதீப். "நானும் உங்க பையந்தானுங்கப்பா. ஒருநாள் என்ற படுக்கையிலயும் படுத்துப் பாருங்க."

படுக்க வைத்தார்கள். மோட்டார் சன்னமாக உறுமியது. பார்க்கச் சொகுசாகத்தான் இருந்தது. பிரதீப் அப்பாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து, வராத கையையும் மெல்ல நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டான். கமலாத்தாள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள்.

அவள் எதிரிலேயே ஜின்சிக்கும் போன் போட்டான், சத்தத்தைக் கூட்டி வைத்து.

"சிஸ்டர், இனிமே எங்கூட்டுக்கு வர வேண்டாமுங்க. நாங்களே ஆள் வெச்சுக்கறம். இல்லாதவிய ஊட்டுக்குப் போங்க."

ஜின்சி இடுக்கிக்காரி. தேயிலைத் தோட்டத்துப் பக்கம் பிறந்து, அங்கத்திய தெற்கத்தித் தமிழும் தன் மலையாளமும் கலந்து பேசுகிற பெண்.

"ஊடு பாத்து வாறதில்ல சாரே, நோவு பாத்துத்தான் வாறது" என்றது போன். "சரி, நீங்க சொல்லுதீய. அச்சனோட முதுகுப் புண்ணு இப்பத்தான் காய வருது. ரெண்டு மணிக்கூருக்கு ஒருதரம் திருப்பிப் போடணும், மறந்துராதீய."

"பாத்துக்கறமுங்க."

மாலை ஆள் வைத்து அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அவனும் கிளம்பினான். பழைய படுக்கையை வாங்கிப் போக வந்த இந்து, அதைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். "ஆத்தா..." என்று ஏதோ சொல்ல வந்தாள். "போ கண்ணு, போய் அவனைப் படுக்க வை" என்று அனுப்பினாள் கமலாத்தாள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. பேன் நின்றது. மோட்டாரின் உறுமல் நின்றது.

கரண்ட் போவது அந்தப் பக்கத்தில் புதிதா? இப்போது வந்துவிடும் என்று அவள் சோற்றை வடித்தாள். கஞ்சியைக் கரைத்துக்கொண்டு வந்து பார்த்தபோது, குப்பண்ணன் தாழ்ந்திருந்தார். சட்டையோடு, துண்டோடு, மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தாள். படுக்கையில் காற்றே இல்லை. ஒரு கித்தான் விரிப்பு, அதற்குக் கீழே பலகை. அவ்வளவுதான்.

"ஏனுங்க, நோவுதுங்களா?"

விரலை அழுத்தினார். விடவே இல்லை.

பிரதீப்புக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோபிநாத்துக்குப் போட்டாள். அதுவும் அப்படித்தான். மறுபடி அவனுக்கு, மறுபடி இவனுக்கு.

அவர்கள் எப்படி எடுப்பார்கள்? கடைசி நாள் கொட்டிக்கலாசம் அல்லவா. மலையாளத்துத் தேர்தலில் பிரசாரம் முடிகிற பொழுது எல்லாக் கட்சியும் ஒரே முக்கில் கூடி, செண்டை அடித்து, கொடி வீசி, தொண்டை கிழியக் கத்தித் தீர்ப்பார்கள். அந்தச் செண்டைச் சத்தம் வேலந்தாவளத்திலிருந்து காட்டைத் தாண்டித் தோட்டத்து வீடு வரை வந்தது. அந்தச் சத்தத்துக்குள் தான் பெற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று ஆடிக்கொண்டிருக்கின்றன, இரண்டின் சட்டைப் பையிலும் தன் போன் அடித்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அது தனி வீடு. கூப்பிடு தூரத்தில் இருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் முக்குக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள்.

பழைய சீலைகளை மடித்து முதுகுக்கடியில் கொடுக்கப் பார்த்தாள். ஆள் அசையவில்லை. அவர் வாட்டசாட்டமான உடம்புக்காரர், நோவிலும் கனம் குறையவில்லை. இரண்டு கையையும் அக்குளில் கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தாள். அவர் தொண்டையிலிருந்து அதுவரை கேட்டறியாத ஒரு சத்தம் வந்தது. கமலாத்தாள் கையை எடுத்துவிட்டாள். விரிப்பில் ஈரம் பட்டிருந்தது. விரலில் சிவப்பாக இருந்தது.

"ஐயோ, நான் என்ன பண்ணிப்போட்டனுங்க..."

வேறு வழி தெரியாமல் ஜின்சிக்குப் போட்டாள். வெட்கத்தில் வாய் குழறியது.

"சிஸ்டரு, காத்தால என்ற பையன் அப்படிப் பேசிப்போட்டான்... நீ மனசுல வெச்சுக்காதே கண்ணு..."

"அம்மே, அதெல்லாம் அப்பறம். என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

ஸ்கூட்டரில் ஜின்சி வந்து சேர்ந்தபோது பின்னால் இந்துவும் உட்கார்ந்திருந்தாள். கொண்டுபோன தண்ணீர்ப் படுக்கையைச் சரியாக விரித்திருக்கிறார்களா என்று பார்க்க இந்து வீட்டில்தான் இருந்தாளாம் ஜின்சி. மூன்று பெண்களும் சேர்ந்து அவரைத் தூக்கிக் கயிற்றுக் கட்டிலில் பழஞ்சீலைகளின் மேல் ஒருக்களித்துப் போட்டார்கள். சட்டையின் முதுகைப் பார்த்துவிட்டு ஜின்சி கத்தரிக்கோல் எடுத்து அப்படியே வெட்டினாள். வெள்ளைச் சட்டை.

துடைத்தாள், மருந்து வைத்தாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"காய வந்த புண்ணு முழுசும் பிரிஞ்சு போச்சு அம்மே. காச்சலும் கொதிக்குது. கிருமி உள்ள ஏறியாச்சு. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். மூத்தவர் எங்க, எளையவர் எங்க?"

கமலாத்தாள் செண்டைச் சத்தம் வரும் பக்கம் கையைக் காட்டினாள். அந்தக் கூட்டம் கலையாமல் முக்கைத் தாண்டி ஆம்புலன்சும் வர முடியாது.

இந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஆத்தா, அந்தப் படுக்கையத் திருப்பிக் கொண்டாந்தரட்டுங்களா? இன்னும் முழுசாத் தண்ணி நெரப்பலீங்க."

"உன்ற புருசன் எங்க படுப்பான்?"

"இத்தனை நாள் படுத்த சாக்கு இருக்குதுங்களே."

கமலாத்தாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, கொண்டுவா என்று சொல்லவும் வரவில்லை.

பொழுது இறங்கியதும் செண்டை ஓய்ந்தது. முதலில் கோபிநாத் வந்தான். தலையெல்லாம் கட்சி நிறத்துப் பொடி. பின்னாலேயே பிரதீப், அவன் தலையில் வேறு நிறம். ஓயாமல் அடித்திருந்த போனை இப்போதுதான் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

"எங்கே படுக்கை?" என்றான் கோபிநாத். தரையில் சுருண்டு கிடந்த காற்றுப் படுக்கையையும் மோட்டாரையும் பார்த்தான். தண்ணீர்ப் படுக்கை யார் வீட்டுக்குப் போயிருக்கும் என்பதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வெடியாலயே சொன்னனே! அப்பாகிட்டச் சொல்லிட்டல்ல போனேன்! இன்னைக்குப் பொழுதுக்கும் லைன்ல வேலை, பொழுதிறங்கறவரைக்கும் கரண்டு வராது, அவன் தோப்புக்கு மோட்டார் போட வந்தாச் சொல்லிருங்கன்னு..."

அவன் கண் பிளக்கில் சொருகியிருந்த வயரில் போய் நின்றது.

கமலாத்தாளுக்குச் சுவரைக் காட்டிய அந்தக் கை கண்ணில் வந்து நின்றது. பேன் வேணுமா, லைட்டா, தண்ணியா, வெசனமா என்று எல்லாம் கேட்டாளே. கரண்டா என்று கேட்கவில்லையே. வாங்கிய சேதியைக் கொடுக்க அந்த மனுசர் எப்படித் தவித்திருப்பார்!

"நீ எதுக்க நின்னுட்டிருந்தியே சாமி" என்றாள் மூத்தவனைப் பார்த்து. "கைக்கெட்டற தூரத்துல தம்பி நின்னானே. அவங்கிட்டச் சொல்றதுக்கு உனக்கு ஒரு வாய் வல்லியா?"

கோபிநாத் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினான். "நான் போய் அந்தப் படுக்கைய எடுத்துட்டு வர்றேன்."

"எடுத்துக்குங்கண்ணா" என்றாள் இருட்டில் நின்ற இந்து. "நான் வேண்ணா தண்ணிய எறக்கித் தாரேன்."

அவள் அங்கே நிற்பதை அவன் அப்போதுதான் பார்த்தான். காலையில் அவன் பேசிய பேச்செல்லாம் அந்தப் படிக்கட்டில் அவனை மறித்துக்கொண்டு நின்றன. படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பிரதீப் ஜின்சியிடம் போய்க் கையைக் கூப்பினான். "சிஸ்டர், காத்தால சொன்னதை மறந்துருங்க. தெனமும் வாங்க. பஞ்சாயத்துல என்ன சொல்லோணுமோ நானே போய்ச் சொல்றனுங்க."

"வராதன்னு சொன்ன அன்னைக்கேதான சாரே வந்துருக்கேன்" என்றாள் ஜின்சி. கோபமாகச் சொல்லவில்லை, அசதியாகச் சொன்னாள். "இப்ப ஒண்ணு சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி? ஆம்புலன்ஸ் விளிக்கணும்."

கோபிநாத் எழுந்து வந்தான். கட்டிலைப் பார்த்துக் குனிந்தான். "அப்பா, பாலக்காட்டு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க. நல்லா பாப்பாங்க. பஞ்சாயத்து ஆம்புலன்சே வரும்."

பிரதீப் தலைமாட்டிலிருந்து குனிந்தான். "அப்பா, கோயமுத்தூருக்குப் போலாமுங்க. நான் கூட்டிட்டுப் போறேன். வார்டுல பாய் விரிச்சுக் கிடக்க வேண்டாமுங்க."

"யாரு பாய் விரிச்சுக் கிடக்கறான்னு கேளுங்கப்பா..."

"கேளுங்கப்பா, போன மாசம் இவங்க மெம்பரே எந்த ஆஸ்பத்திரிக்கு..."

"நிறுத்துங்கடா!"

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று கமலாத்தாளுக்கே தெரியவில்லை. கட்டிலருகே போனாள். "சிஸ்டரு, ஒரு கை குடு" என்றாள். இருவருமாகக் குப்பண்ணனை மெல்ல அந்தப் பக்கம் புரட்டினார்கள். அவர் முகம் சுவரைப் பார்த்தது. முதுகு மகன்களைப் பார்த்தது. வெட்டின சட்டை இரண்டு பக்கமும் விலகி, மருந்துத் துணி மீறி ஊறிய புண் மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது.

"இனி அவரு மூஞ்சியப் பாத்து ஒருத்தனும் பேசக் கூடாது. இதைப் பாத்துப் பேசுங்க. இல்லாட்டி ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துப் பேசுங்க."

ஜின்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கரண்ட் வந்தது. பேன் சுற்றியது. பிளக்கிலேயே சொருகியிருந்த மோட்டார் உறுமத் தொடங்கியது. தரையில் கிடந்த காற்றுப் படுக்கை, யாரும் இல்லாமல், தானாக மெல்ல மெல்ல உப்பியது.

கோபிநாத் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையை நிமிர்த்தித் தம்பியைப் பார்த்தான். உதடு இரண்டு முறை அசைந்து நின்றது. அஞ்சு வருசமாக வாயில் வராத பேர், வழி மறந்ததுபோல் திணறி வந்தது.

"பிரதீப்பு..."

பிரதீப் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். "அண்ணா, எங்கயாச்சும் கொண்டுபோலாமுண்ணா" என்றான். "நீ சொல்ற எடத்துக்கே. சீக்கிரம் போலாமுண்ணா."

ஜின்சி போனை அழுத்தத் தொடங்கினாள்.

கமலாத்தாள் சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் நுழைந்து, புருசன் முகத்துக்கு நேராக மண்டியிட்டாள். கண் மூடியிருந்தது. மூச்சு அனலாக வந்து அவள் கன்னத்தில் பட்டது. அவர் இடது கைக்குள் தன் விரலை வைத்தாள்.

"ஏனுங்க" என்றாள். "ரெண்டும் பேசிக்கிச்சுங்க. கேட்டுச்சுங்களா?"

விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.